ரோஜே தெசாரஸ் ரிவ்யூ: விழுறதுக்கும் நொறுங்குறதுக்கும் கலைஞ்சு கிடக்குறதுக்கும் இங்கிலீஷ் வார்த்தை தேடுறவங்களுக்கு

இங்கிலீஷ்ல எழுதுறப்ப நம்மள்ல நிறைய பேருக்கு கை நிக்குற இடம் ஒண்ணு இருக்கு, ஏதாவது விழுந்துச்சு, சரிஞ்சுச்சு, இடிஞ்சுச்சு, கலைஞ்சு போச்சுன்னு எழுத வேண்டிய இடம். ஃபால் டவுன்னு போட்டுட்டு அடுத்த வரிக்கு போயிடுவோம், கொஞ்சம் பெருசா விழுந்தா கொலாப்ஸ், எதுவும் ஒழுங்கா இல்லன்னா கண்ணை மூடிக்கிட்டு கேயாஸ். இந்த ஒரு ஏரியாவுக்கு எந்த புக் உதவும்னு அடிக்கடி கேக்குறாங்க, அதனால நான் மொழிபெயர்ப்பு வேலைல தினமும் திறக்குற ரோஜே தெசாரஸ், அதாவது ஒரு கருத்துக்கான இங்கிலீஷ் வார்த்தை எல்லாத்தையும் ஒரே தலைப்புல தொகுத்த புக், அதை பத்தி விரிவா எழுதிடலாம்னு உக்காந்தேன். தீர்ப்பை முதல்லயே சொல்லிடுறேன். விழுற வார்த்தை, ஒழுங்கு கெட்ட வார்த்தை எல்லாத்தையும் ஒரே இடத்துல கண்ணுக்கு முன்னாடி பரப்பி காட்டுறதுல இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அதுல இருந்து ஒரு வார்த்தைய உருவி நேரா வாக்கியத்துல போட்டா பாதி நேரம் தப்பா போகும், பக்கத்துல இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னே உதாரண வாக்கியத்தோட வர்ற ஒரு நல்ல லேர்னர்ஸ் டிக்‌ஷனரி கட்டாயம் இருக்கணும்.

நமக்கு ஏன் இந்த இடம் குறிப்பா கஷ்டமா இருக்குன்னா, தமிழ்ல விழுறதுக்கு பெரும்பாலும் ஒரே வினை போதும், எப்படி விழுந்துச்சுங்கறத அதுக்கு முன்னாடி வர்ற சத்தம் பாத்துக்கும். தொப்புன்னு விழுந்தான், தடால்னு விழுந்தான், மடமடன்னு சரிஞ்சுச்சு, பொலபொலன்னு உதிர்ந்துச்சு, சடசடன்னு முறிஞ்சுது. அந்த சத்தத்தை கேட்டவுடனே பொருளோட கனம், வேகம், அது ஒத்தையா விழுந்துச்சா கொத்தா விழுந்துச்சான்னு எல்லாம் புரிஞ்சுடும். இங்கிலீஷ் இந்த வேலைய பெரும்பாலும் வினைக்குள்ளயே வச்சு அடைச்சிடுது. உருண்டு புரண்டு விழுந்தா டம்பிள், உசரமான பொருள் தலை கனத்து ஆடி சாஞ்சா டாப்பிள், துண்டு துண்டா உதிர்ந்து போனா க்ரம்பிள், கூரையோ சுரங்கமோ உள் பக்கமா இடிஞ்சா கேவ் இன், உடம்புல தெம்பில்லாம சேர்ல சரிஞ்சா ஸ்லம்ப், நடு மட்டும் தொய்ஞ்சு தொங்குனா ஸாக், தரை மெல்ல மெல்ல உள்ள இறங்குனா ஸப்ஸைடு. இதெல்லாம் வேற வேற வினை, ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு உக்காராது. அப்ப நமக்கு வேண்டியது ஏ டு இசட் வரிசைல இருக்குற டிக்‌ஷனரி இல்ல, ஏன்னா அதுல தேடணும்னா வார்த்தை முதல்லயே தெரிஞ்சிருக்கணும், நம்ம பிரச்சனையே வார்த்தை தெரியாததுதான். கருத்துல இருந்து வார்த்தைக்கு போற புக் வேணும், ரோஜே அதுக்குன்னே பண்ணுனது.

இந்த அமைப்பு நம்ம மொழிக்கு புதுசே இல்லங்கறதையும் சொல்லணும். திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு எல்லாமே தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கு பெயர்னு பொருள் வாரியா தொகுதி பிரிச்சு அடுக்குனதுதான், அகரவரிசை அகராதி நமக்கு அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. ரோஜேயும் தனக்கு முன்னாடி இப்படி பண்ணுனவங்கள்னு தன் முன்னுரை அடிக்குறிப்புல சமஸ்கிருத அமரகோசத்தை சொல்றார், கோல்ப்ரூக்ங்கறவர் பண்ணுன இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் குறிப்பிடுறார். அதனால நிகண்டு கொஞ்சம் பழக்கம் இருக்குறவங்களுக்கு இந்த புக் பிடிபட ரொம்ப நேரம் ஆகாது.

பீட்டர் மார்க் ரோஜே ஒரு டாக்டர், 1779-ல லண்டன்ல பிறந்தவர், ராயல் சொசைட்டிங்கற அறிவியல் சங்கத்தோட செயலாளரா 20 வருஷத்துக்கு மேல இருந்தவர். 1805-லயே தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சின்ன வார்த்தை பட்டியல் போட்டு வச்சிருந்தார், வேலைல இருந்து ஓய்வு வாங்குனப்புறம் அதை எடுத்து பெருசாக்கி 1852-ல புக்கா போட்டார், அப்ப அவருக்கு 73 வயசு. மனுஷன் நினைக்குற எல்லா கருத்தையும் ஆறு பெரிய வகுப்பா பிரிச்சு, அதுக்குள்ள 1000 தலைப்பு வச்சு, ஒவ்வொரு தலைப்புக்கு கீழயும் பெயர்ச்சொல், வினை, அடைமொழின்னு தனித்தனியா அடுக்கியிருக்கார். எதிரெதிர் கருத்து ரெண்டையும் பக்கத்து பக்கத்துல ரெண்டு காலமா அச்சடிச்சது அவரோட பெரிய யோசனை. ஒழுங்குக்கு பக்கத்துல ஒழுங்கின்மை, ஏறுறதுக்கு பக்கத்துல இறங்குறது, உண்டாக்குறதுக்கு பக்கத்துல அழிக்குறது.

இனி நம்ம ஏரியாவுக்கு வரேன். இணையத்துல இலவசமா கிடைக்குற ப்ராஜெக்ட் குட்டன்பர்க் பதிப்பு 1911 புத்தகத்தை அடிப்படையா வச்சு 1991-ல கொஞ்சம் புது வார்த்தையும் சேர்த்து வெளியிட்டது. நான் சொல்ற எண் எல்லாம் அதோடது, புது அச்சு பதிப்புகள்ல எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும். விழுறது 306-ஆவது தலைப்பு, டிசென்ட். ஒழுங்கின்மை 59, டிஸ்ஆர்டர். அழிவு 162, டிஸ்ட்ரக்‌ஷன். இந்த மூணையும் ஒரே நேரத்துல திறந்து வச்சுக்கிட்டு படிங்க, அகராதில கிடைக்காத ஒரு விஷயம் கிடைக்கும். ஒரே வார்த்தை எந்தெந்த தலைப்புல எட்டி பாக்குதுன்னு தெரிஞ்சா அந்த வார்த்தைக்குள்ள என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்.

கொலாப்ஸ் எடுத்துக்கோங்க. அது விழுற வார்த்தைன்னுதான் நாம முதல்ல நினைப்போம். ஆனா அந்த வார்த்தை 195-ல இருக்கு, அது கான்ட்ராக்‌ஷன், சுருங்குறது. உடம்புல சக்தி போயி மயங்குறத சொல்ற தலைப்புலயும் இருக்கு. விழுறது, சுருங்குறது, பலம் போறது மூணும் சேர்ந்தாதான் கொலாப்ஸ். தன்னை தாங்கிட்டு இருந்த ஏதோ ஒண்ணு உள்ளுக்குள்ள விட்டு போயி தானே தன் மேல மடங்கி விழுறது. லத்தீன் மூலமும் இதையேதான் சொல்லுது, லாபிங்கறது வழுக்குறது, நழுவுறது, அதோட கூடவேங்கற பொருள்ல கொல் சேர்ந்து எல்லாம் ஒண்ணா நழுவுறதுன்னு ஆகுது, லாப்ஸ், ரீலாப்ஸ், எலாப்ஸ் எல்லாம் இதோட கூட பிறந்ததுங்க. மரத்துல இருந்து மாங்கா விழுந்தா அது கொலாப்ஸ் ஆகாது, மாங்காய்க்கு உள்ள எதுவும் விட்டு போகல. மடக்குற நாற்காலிய கொலாப்சிபிள்னு சொல்றதும், நுரையீரல் காத்து போயி சுருங்குறதை கொலாப்ஸ்னு டாக்டர் எழுதுறதும், பேச்சுவார்த்தை முறிஞ்சா டாக்ஸ் கொலாப்ஸ்டுன்னு பேப்பர்ல வர்றதும் எல்லாம் ஒரே படம்தான்.

இந்த வித்தியாசம் ஏதோ மொழி அழகுக்காக இல்ல, உயிர் சம்பந்தப்பட்ட இடத்துல கூட இது வரும். வயசானவர் ஒருத்தர் விழுந்துட்டார்னு டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்றீங்கன்னு வைங்க. ஹி ஃபெல்னு சொன்னா கால் தடுக்குச்சா, வழுக்குச்சா, எங்க அடிபட்டுச்சுன்னு விசாரணை போகும். ஹி கொலாப்ஸ்டுன்னு சொன்னா நினைவு போச்சா, நெஞ்சு வலி இருந்துச்சா, இதய துடிப்பு எப்படி இருந்துச்சுன்னு கேள்வி மாறிடும், ஈசிஜி எடுக்க சொல்லுவாங்க. விழுந்ததால நினைவு போச்சா, நினைவு போனதால விழுந்தாரான்னு கண்டுபிடிக்கறதுதான் அங்க முதல் வேலையே. நம்ம தமிழ்ல தடுக்கி விழுந்தார், மயங்கி விழுந்தார்னு எச்சத்தை வச்சு பிரிச்சு தெளிவா சொல்லிடுவோம், இங்கிலீஷுக்கு மாறுறப்பதான் முன்னாடி இருந்த தடுக்கியும் மயங்கியும் காணாம போயி வெறும் ஃபெல் மிஞ்சும். ட்ரிப், ஸ்டம்பிள் ரெண்டுக்கும் நடுவுல கூட இப்படி ஒரு இழை இருக்கு, ட்ரிப்னா கால் எதுலயோ மாட்டுச்சு, ஸ்டம்பிள்னா அடி தவறுச்சு, ஸ்டம்பிள் ஆனவர் விழாமலே சமாளிச்சு நடந்துடலாம்.

கட்டட வேலைல இருக்குறவங்களுக்கு இன்னும் கறாரா பிரிச்சு வச்சிருக்காங்க. பக்கிள்னா தூண் கனம் தாங்காம பக்கவாட்டுல வளையுறது, அது இன்னும் விழல, எவ்வளவு பாரத்துல வளையும்னு கணக்கு போட 18-ஆம் நூற்றாண்டுல ஆய்லர்ங்கற கணித மேதை குடுத்த சூத்திரத்தை இன்னைக்கும் மாணவர்கள் படிக்குறாங்க. அப்புறம் ப்ராக்ரஸிவ் கொலாப்ஸ்னு ஒண்ணு, ஒரு சின்ன பாகம் போனதால அதை நம்பி நின்ன அடுத்தது போயி, அதை நம்பி நின்ன அடுத்தது போயி வரிசையா இறங்குறது. லண்டன்ல ரோனன் பாயின்ட்ங்கற 22 மாடி கட்டடத்துல 1968 மே 16-ஆம் தேதி காலைல 18-ஆவது மாடில கேஸ் வெடிச்சு, ஒரு சுவர் வெளிய தள்ளப்பட்டு, அந்த மூலை மேல இருந்து கீழ வரைக்கும் அப்படியே இறங்கிடுச்சு, 4 பேர் செத்தாங்க. அதுக்கு அப்புறம்தான் சின்ன சேதத்துக்கு அளவுக்கு மீறின இடிபாடு வரக்கூடாதுன்னு பிரிட்டன்ல கட்டட விதியையே மாத்துனாங்க. இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட்டை மொழிபெயர்க்கறப்ப பக்கிள், கொலாப்ஸ், க்ரம்பிள் மூணையும் மாத்தி மாத்தி போட்டா அழகா இருக்கும்னு நினைச்சு போட்டா பொறியாளருக்கு அது மூணு வேற சம்பவமா படும். நட்சத்திரம் பத்தி எழுதுறவங்களுக்கும் இதேதான். எரிபொருள் தீர்ந்து சுருங்குன வெண்குள்ளன் நட்சத்திரத்தோட நிறை சூரியனை மாதிரி சுமார் 1.4 மடங்குக்கு மேல போனா தன் ஈர்ப்பை தானே தாங்க முடியாதுன்னு நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் கணக்கு போட்டு சொன்னார், 1983-ல நோபல் வாங்குனார். அங்க நடக்கறதும் கொலாப்ஸ்தான், அங்க கீழ மேலன்னே ஒண்ணு கிடையாது, எல்லாம் உள்ளுக்குள்ள.

இதுல எதையும் ரோஜே உங்களுக்கு சொல்லி தராது. இதுதான் என்னோட முக்கியமான புகார். 306-ஆவது தலைப்புல ஃபால், ட்ராப், ஸ்லிப், ப்ளஞ்ச், டம்பிள், ட்ரிப், ஸ்டம்பிள், லர்ச், டாப்பிள், டில்ட், ஸ்ப்ரால் எல்லாம் கமா போட்டு வரிசையா நிக்கும், நடுவுல டிட்டுபேட்ங்கற மாதிரி யாருமே பேசாத ஒண்ணும் நிக்கும், பழசு எது புதுசு எது, பேச்சுல வர்றது எது, கோர்ட்டுல வர்றது எதுன்னு ஒரு குறிப்பு கிடையாது. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரையும் ஒரே போட்டோல நிக்க வச்சு யார் மாப்பிள்ளை வீடு யார் பொண்ணு வீடுன்னு எழுதாம விட்ட மாதிரி இருக்கும். ஏற்கனவே இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சு நாக்கு நுனில இருக்குற வார்த்தைய தேடுறவருக்கு அது போதும், ரோஜே நினைச்சதும் அவங்களத்தான். நம்மள மாதிரி படிச்சு கத்துக்கிட்டவங்களுக்கு போதாது.

இன்னொரு குறை, ஃபால் கூட சின்ன சின்ன வார்த்தை ஒட்டி வர்ற பிரயோகம் எல்லாம் ஒரே இடத்துல விளக்கமா கிடைக்காது. ஃபால் த்ரூன்னா போட்ட பிளான் நடக்காம போறது, ஃபால் அவுட்னா சண்டை போட்டு பிரியுறது, ஃபால் அபார்ட்னா பிய்ஞ்சு போறது, ஃபால் பிஹைண்டுன்னா பின்தங்குறது, ஃபால் பேக் ஆன்னா வேற வழி இல்லாதப்ப கைல இருக்குறத நம்புறது. அன்றாட இங்கிலீஷ்ல விழுறது பெரும்பாதி இந்த ரூபத்துலதான் வரும், பெரிய லத்தீன் வார்த்தைல இல்ல. பழைய பதிப்புல வேற பிரெஞ்சு, லத்தீன் சொற்றொடர் அங்கங்க கொட்டி கிடக்கும், 59-ஆவது தலைப்புலயே மெஸ், மடிலோட சேர்ந்து ரெண்டு மூணு லத்தீன் சொற்றொடரும் நிக்கும். அதை எல்லாம் தாண்டி படிச்சு பழகிட்டா கண்ணு தானா ஒதுக்கிடும்.

குறை சொன்னாலும் அந்த 59-ஆவது தலைப்பு எனக்கு இந்த புக்லயே ரொம்ப பிடிச்ச பக்கம். குழப்பத்தை பத்தின பக்கத்தை இவ்வளவு ஒழுங்கா அடுக்கியிருக்கார். முதல்ல பொருள் கலைஞ்சு கிடக்குற வார்த்தைகள், ஜம்பிள், லிட்டர், மெஸ், மடில், ஹாஷ், ஹாட்ச்பாட்ச், கேயாஸ். அடுத்து சிக்கல் விழுந்த வார்த்தைகள், அங்க காடு, முடிச்சு, சிக்கு நூல்கண்டு எல்லாம் வரும், ஜங்கிள்ங்கற நம்ம பக்கத்து வார்த்தையும் அங்கதான் இருக்கு. அதுக்கு அடுத்து மனுஷங்க சத்தம் போட்டு அடிச்சுக்கற வார்த்தைகள், டர்மாயில், ட்யூமல்ட், அப்ரோர், ரயட், ப்ரால், ஃப்ரகா, பெட்லம். டானிப்ரூக் அங்க இருக்கு, அது டப்ளின்ல 13-ஆம் நூற்றாண்டுல இருந்து நடந்த ஒரு சந்தை, குடியும் அடிதடியுமா பேர் கெட்டு கடைசில 1855-ல நிறுத்துனாங்க, சந்தை போச்சு, அடிதடிக்கு பேரா அந்த வார்த்தை மட்டும் நிலைச்சுடுச்சு. இந்த மூணு கொத்தையும் பாத்துட்டாலே பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா நமக்கு வேண்டிய குழப்பம் பொருளோடதா, சிக்கலா, கூச்சலான்னு அதுவே கேள்வி கேக்க வச்சிடும். தமிழ்லயும் நாம அப்படித்தான் பிரிக்குறோம், அலமாரி அலங்கோலமா இருக்கும், கணக்கு குளறுபடியா இருக்கும், சபைல அமளி நடக்கும், தெருவுல ரகளை நடக்கும், யாரும் அலமாரில அமளின்னு சொல்ல மாட்டாங்க.

இதுக்கு இங்கிலீஷ்ல நான் பழக்கத்துல வச்சிருக்குற கணக்கை சொல்றேன். அறையோ மேஜையோ கலைஞ்சிருந்தா மெஸ், வேண்டாத பொருள் அடைஞ்சு கிடந்தா க்ளட்டர். சத்தம் காதை அடைச்சா பெட்லம் இல்ல பான்டிமோனியம். ஆளுங்களுக்கோ பொருளுக்கோ அடி விழுந்தா மேஹெம். ஒரு புயலோ வைரஸோ போன வழியெல்லாம் நாசம் பண்ணிட்டு போனா ஹேவக், அது பெரும்பாலும் ரீக்ங்கற வினையோடதான் வரும். நடத்த வேண்டியவங்க சரியா நடத்தாம ஒரு ஏற்பாடே கெட்டு போச்சுன்னா ஷாம்பிள்ஸ். மனசு, அரசியல், சந்தை இதெல்லாம் கொந்தளிச்சா டர்மாயில். அணியோ கட்சியோ வரிசை கலைஞ்சு நின்னா டிஸ்அரே. டிஸ்ஆர்டர்ங்கற வார்த்தை இன்னைக்கு ரொம்ப உத்தியோகபூர்வமா ஆயிடுச்சு, போலீஸ் பேசுற பப்ளிக் டிஸ்ஆர்டர், டாக்டர் எழுதுற நோய் பேர், இந்த ரெண்டு இடத்துக்கு வெளிய அதை போட்டா விறைப்பா இருக்கும்.

இந்த கணக்கு எனக்கு ரோஜேல இருந்து மட்டும் வரல, வேர் பாத்ததுல இருந்தும் வந்துச்சு. ரோஜே கூட ஒரு எட்டிமாலஜி டிக்‌ஷனரிய ஜோடியா வச்சுக்கணும்னு சொல்றதுக்கு காரணமே இந்த குழப்ப வார்த்தைங்கதான், ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு இடமோ சம்பவமோ இருக்கு, அது தெரிஞ்சா எங்க போடணும்னு மறக்காது. பெட்லம்ங்கறது லண்டன்ல 1247-ல செயின்ட் மேரி ஆஃப் பெத்லஹெம்ங்கற மடமா ஆரம்பிச்சு பின்னாடி மனநல மருத்துவமனையா மாறுன இடத்தோட பேர் வாய் வழக்குல தேஞ்சது, அதனாலதான் அதுல கூச்சல் இருக்கு. பான்டிமோனியம் இங்கிலீஷ் கவிஞர் மில்டன் 1667-ல பாரடைஸ் லாஸ்ட்ங்கற காவியத்துல நரகத்தோட தலைநகருக்கு வச்ச பேர், எல்லா பேயும் கூடுற இடம். ஷாம்பிள்ஸ் முதல்ல வெறும் ஸ்டூல், அப்புறம் கறி வச்சு விக்குற பலகை, அப்புறம் கசாப்பு கூடம், அப்புறம் ரத்த களம், கடைசில இன்னைக்கு சாதாரண சொதப்பல். யார்க் நகரத்துல கசாப்பு கடைங்க இருந்த தெருவுக்கு இன்னும் தி ஷாம்பிள்ஸ்னுதான் பேர். நம்ம களேபரமும் இப்படித்தான், சமஸ்கிருதத்துல அது உடம்பு, பழைய தமிழ் அகராதில உடம்பு, பிணம்னு பொருள் இருக்கும், நாம இன்னைக்கு களேபரம்னா அமர்க்களம்னு எடுத்துக்கறோம்.

மேஹெம் ஒரு சட்ட வார்த்தை, ஒருத்தர் தன்னை தற்காத்துக்க முடியாதபடி கை காலை ஊனமாக்குற குற்றம், மெய்ம்ங்கற வினையோட அதே வேர். அதனாலதான் சும்மா பேப்பர் கலைஞ்சு கிடந்ததுக்கு மேஹெம்னு எழுதுனா எனக்கு உறுத்தும், இப்ப எல்லாரும் எழுதுறாங்க, இருந்தாலும் உறுத்தும். ஹேவக் போர்க்களத்துல இனி கொள்ளையடிக்கலாம்னு படைக்கு குடுக்குற கூவல், 14-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து ராஜா ரிச்சர்ட் 2 தன் படை விதில அப்படி யாரும் கூவ கூடாதுன்னு தடையே போட்டார். கேயாஸ் கிரேக்கத்துல வாய் பிளந்த வெறும் பள்ளம், படைப்புக்கு முன்னாடி இருந்த சூன்யம், குப்பை கூளம் இல்ல. அதே வார்த்தைல இருந்துதான் 17-ஆம் நூற்றாண்டுல வான் ஹெல்மான்ட்ங்கற வேதியியலாளர் கேஸ்ங்கற வார்த்தையை உண்டாக்குனார்.

டெபாக்கிள் மேல எனக்கு தனி பிரியம். ரோஜேல இது 306-ல அவலாஞ்ச், லாண்ட்ஸ்லைடு பக்கத்துல நிக்குது, 162-ல அழிவு வார்த்தையோடயும் நிக்குது. 306-ல ஏன் இருக்குன்னு முதல்ல புரியாது, தேர்தல் தோல்விக்கும் மேட்ச் தோல்விக்கும் போடுற வார்த்தை நிலச்சரிவு பக்கத்துல என்ன பண்ணுதுன்னு தோணும். பிரெஞ்சுல அது உறைஞ்ச ஆறு வெயில் வந்ததும் பனிக்கட்டி உடைஞ்சு தண்ணியோட ஓடுறது. தாழ்ப்பாளை எடுத்துவிடுறதுங்கற வினைல இருந்து வந்தது. பிடிச்சு வச்சிருந்தது ஒரு நொடில விட்டு எல்லாம் அடிச்சுக்கிட்டு போறதுதான் டெபாக்கிள், அதனால மெல்ல மெல்ல கெட்டு போன விஷயத்துக்கு அது பொருந்தாது, அதுக்கு டிகே இருக்கு. அந்த டிகேவும் விழுறதுதான், லத்தீன் காடெரே, விழுன்னு அர்த்தம். காடெரேவோட குடும்பம் எவ்வளவு பெருசுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், ஆக்சிடென்ட், இன்சிடென்ட், சான்ஸ், கேஸ்கேட், கேடன்ஸ், இலை உதிர்க்குற மரத்துக்கு சொல்ற டெசிடுவஸ், சூரியன் விழுற திசைங்கறதால மேற்குக்கு ஆக்சிடென்ட் மாதிரியே ஒலிக்குற ஆக்ஸிடன்ட், எல்லாம் விழுந்ததுங்கதான். ரூயின் கூட தலைகுப்புற விழுறதுங்கற லத்தீன் வினைல இருந்து வந்தது.

அப்புறம் ஜோடி வார்த்தைங்க. 59-லயே கடைசில ஹிகில்டி பிகில்டி, ஹெல்டர் ஸ்கெல்டர், ஹேரம் ஸ்கேரம், பெல்மெல் எல்லாம் வரிசையா வரும். நம்ம தாறுமாறு, கன்னாபின்னா, ஏறுக்குமாறு, குண்டக்க மண்டக்க நினைவுக்கு வராம இருக்காது, ஒழுங்கு கெட்டதை சொல்ல ரெண்டு மொழியும் ஒலிய இரட்டிச்சு சொல்லுது. கதை, பேச்சு, கடிதம் மொழிபெயர்க்கறவங்க கன்னாபின்னாவுக்கு கேயாட்டிக்னு போடாம ஹிகில்டி பிகில்டி பக்கம் ஒரு தடவை போய் பாருங்க, குரல் அப்படியே வரும். ஆபீஸ் ரிப்போர்ட்ல மட்டும் போட்டுடாதீங்க.

மாத்து என்ன இருக்குன்னு கேட்டா, சும்மா வார்த்தை போட்டா இருபது மாத்து வார்த்தை கொட்டுற இணைய தளங்கள், ஆப்கள் நிறைய இருக்கு, இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரோஜேல குறைஞ்சபட்சம் அடுக்குல ஒரு புத்தி இருக்கு, பொருள் மாறுற இடத்துல புது பத்தி வரும். அந்த பட்டியல்ல அதுவும் இருக்காது, கொலாப்ஸுக்கு ஃபால், ஃபெயில், ஃபெயிண்ட் எல்லாம் ஒரே குவியல்ல வரும். ஆழமா போகணும்னு நினைக்கறவங்களுக்கு க்ளாஸ்கோ பல்கலைக்கழகத்தோட ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ் ஆஃப் இங்கிலீஷ் இருக்கு, 1965-ல ஆரம்பிச்சு 2009-ல ஆக்ஸ்ஃபோர்ட் யூனிவர்சிட்டி ப்ரெஸ் ரெண்டு பெரிய வால்யூமா போட்டாங்க, இணையத்துல இலவசமா தேடலாம். ஒரு கருத்துக்கு பழைய இங்கிலீஷ் காலத்துல இருந்து எந்தெந்த வார்த்தை எந்த வருஷம் வந்துச்சு, எப்ப வழக்கு ஒழிஞ்சுதுன்னு தேதியோட இருக்கும். அந்த வேலை நடந்துட்டு இருந்த கட்டடத்துல 1978-ல தீ பிடிச்சுது, கைல எழுதுன சீட்டு எல்லாம் இரும்பு அலமாரில இருந்ததால தப்பிச்சுது, இல்லன்னா இன்னைக்கு இது நமக்கு கிடைச்சிருக்காது. சரித்திர நாவல் மொழிபெயர்க்கறவங்களுக்கு இது பொக்கிஷம், அவசரமா ஒரு மெயில் எழுதுறவங்களுக்கு தேவையில்ல.

அதனால ரோஜே வாங்கலாமான்னு கேட்டா, முதல்ல இலவச பதிப்பை இறக்கி 59, 162, 306 மூணையும் படிச்சு பாருங்க, அது பிடிச்சா அச்சு புக்கா புது பதிப்பு வாங்குங்க, ஏன்னா பழைய பதிப்புல கம்ப்யூட்டர் க்ராஷ் ஆகுற காலத்து வார்த்தைங்க இருக்காது, அதுல லத்தீன் சொற்றொடரும் நிறைய. அச்சுல வாங்க சொல்றதுக்கு இன்னொரு காரணம், திறந்த பக்கத்துல தேடாத வார்த்தையும் கண்ணுல படும், தேடு பொத்தான்ல அது நடக்காது. ஸ்கூல் பசங்களுக்கு வாங்கி குடுக்காதீங்க, அவங்களுக்கு உதாரண வாக்கியம் போட்ட லேர்னர்ஸ் டிக்‌ஷனரி மட்டும் போதும். வாங்குனவங்க ஒண்ணு கவனிங்க, வகுப்பு, பிரிவு எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம், நேரா பின்னாடி இருக்குற இண்டெக்ஸுக்கு போங்க, ஃபால்னு தேடாதீங்க, அங்க ஏகப்பட்ட எண் இருக்கும், உங்களுக்கு தெரிஞ்சதுலயே கொஞ்சம் கிட்டக்க வர்ற டம்பிளோ க்ரம்பிளோ தேடுங்க, அந்த எண்ணுக்கு போயி அங்க இருந்து பக்கத்து பத்திகளுக்கு நகருங்க, கிடைச்ச வார்த்தைய லேர்னர்ஸ் டிக்‌ஷனரில போட்டு எது விழுந்தா அந்த வினை வருது, மனுஷனா சுவரா விலையா ஆட்சியான்னு உதாரண வாக்கியத்துல பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.